குப்புறவியல்

இணைப் பேராசிரியரைப் பற்றி அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். அதை அவர் பதினான்கு வருடங்களாக, மைத்துனர் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும், அன்றைக்குத்தான் முளைத்ததுபோலக் கேட்டுவந்தார்.

"மாப்ள, ஆபீஸ்ல மத்தவன் வேலை செய்யறத உக்காந்து வேடிக்கை பாக்கறதுக்கு உனக்குச் சம்பளம். ஒத்துக்கறேன். அவனும் வேலை செய்யாம சும்மா உக்காந்திருந்தா, அன்னைக்கும் உனக்குச் சம்பளம் உண்டா?"

உண்டு. உண்மையைச் சொன்னால், அன்றைக்குத்தான் இணைப் பேராசிரியரின் குறிப்பேடு அதிகம் நிரம்பும். மற்ற மானிடவியலாளர்கள் காட்டுக்கும் தீவுக்கும் போனபோது அவர் மாநகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குப் போனார். கட்டட அனுமதிப் பிரிவில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு நான்கு வருடம் உட்கார்ந்தார். கொசு கடித்தது. ஆனாலும் காய்ச்சல் ஒன்றும் வராமல் திரும்பிவிட்டார் என்பதில் சக ஆய்வாளர்களுக்கு அவர்மேல் ஓர் இளக்காரம் இருந்தது. புத்தகம் வந்த பிறகு அது அடங்கியது.

புத்தகத்தின் கண்டுபிடிப்பு இதுதான். பிரிவில் சில கோப்புகள் மேசைமேல் நிமிர்ந்து கிடந்தன. சில கோப்புகள், பெயரும் எண்ணும் எழுதிய அட்டை கீழே இருக்கும்படி, குப்புறக் கிடந்தன. குப்புறக் கிடந்தவற்றுக்கு அனுமதி கிடைக்க மும்மடங்கு காலம் பிடித்தது. அவை அறையின் ஒரு மூலையில் இருந்த மூன்று மேசைகளில் மட்டுமே காணப்பட்டன. கோடையில் பெருகின; மழைக்காலத்தில் குறைந்தன. இத்தனையும் தற்செயலாக இருக்க முடியுமா? முடியாது என்று முந்நூற்று நாற்பது பக்கங்களில் நிறுவினார். அதிகாரம் 'மாட்டேன்' என்று வாய் திறந்து சொல்வதில்லை, கோப்பைத் திருப்பிப் போட்டுவிடுகிறது என்றார். அந்த மூன்று மேசைகளுக்கு 'மறுப்பு முக்கோணம்' என்று பெயர் வைத்தார். வெயில் ஏற ஏற அதிகாரத்துக்குப் பொறுமை குறைகிறது என்று கோடைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 'குப்புறவியல்' என்று சூட்டிய பெயர் நான்கு கருத்தரங்குகளில் கைதட்டலையும் ஐந்தாவதில் ஒரு கேடயத்தையும் வாங்கித் தந்தது.

அப்படியும் அவர் இணைப் பேராசிரியராகவே இருந்தார். அந்த 'இணை', செருப்பில் ஒட்டிய தார்போலப் பதினொரு வருடமாக விடாமல் கூடவே வந்தது. இரண்டு முறை நேர்காணலுக்குப் போய் இரண்டு முறையும் மயிரிழையில் தவறியிருந்தார். துறையில் பேராசிரியர் இடம் ஒன்றே ஒன்று. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். மூன்றாவது நேர்காணல் இந்த வியாழக்கிழமை. இதையும் விட்டால் அந்தத் தாரோடுதான் வீடு போய்ச் சேரவேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்தே அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்காருவதையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு இது சாதாரணத் தொல்லை இல்லை. எழுந்தார், நடந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார், 'என் ஆய்வின் பங்களிப்பு' என்று கண்ணாடியைப் பார்த்துத் தொடங்கினார், கண்ணாடியில் கறை இருக்கிறதென்று துடைக்கப் போனார். அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

"டேய், எட்டு மாசமாச்சுடா. கீழ ஒரு குளியலறை கட்டிக்கறோம்னு மனு போட்டு. ஒரு பதிலும் இல்ல."

அத்தான் இடுப்பு எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மாடியேற முடியாது. கீழே கூடத்தில் கட்டில் போட்டாகிவிட்டது. குளியலறை இருப்பதோ மாடியில்.

"அக்கா, நான் அந்த ஆபீஸைப் பத்தி ஆராய்ச்சி பண்றவன். அங்க போய் சிபாரிசு கேக்கக் கூடாது. களத்துல தலையிடக் கூடாதுங்கறது எங்க தர்மம்."

"உன் களத்துலதான்டா என் வீட்டுக்காரர் குளிக்க வழியில்லாம கிடக்கறார். தலையிட வேணாம். எட்டியாவது பாரு."

எட்டிப் பார்ப்பதில் தர்மத்துக்குக் குறைவில்லை என்று தீர்மானித்து, செவ்வாய்க்கிழமை காலை இணைப் பேராசிரியர் தம் பழைய களத்துக்குப் போனார்.

பத்து வருடத்தில் அறை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கூரைக்குப் புதிதாக வெள்ளைப் பலகை அடித்திருந்தார்கள். மேசைகள் எல்லாம் புதியவை. ஒரு சுவர் முழுக்கச் சாம்பல்நிற இரும்பு அடுக்கு. அதில் வரிசை வரிசையாகக் கோப்புகள், அத்தனையும் குப்புற. பிரிவு அலுவலர், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், அவருடைய பெயரைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார், நீங்களா! எனக்குத் துறைத் தேர்வுல உங்க ஆறாவது அத்தியாயம்தான் சார் கேள்வியா வந்துச்சு. பதினஞ்சு மார்க்."

இணைப் பேராசிரியரின் கால்களுக்கு ஒரு நிமிடம் அமைதி கிடைத்தது. "எத்தனை போட்டாங்க?"

"பதினாலு சார். முக்கோணத்தைக் கோணலா வரைஞ்சுட்டேன்."

அக்காவின் பெயரைச் சொல்லிக் கோப்பு எங்கே என்று விசாரித்தார். அலுவலர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுக்கின் நான்காம் வரிசையைக் காட்டினார். முகத்தில் மெய்யான வருத்தம்.

"குப்புறப் போட்டாச்சு சார்."

"ஏன்?"

"ஏன்னு இல்ல சார். மறுத்தா காரணம் எழுதணும். காரணம் எழுதினா மேல்முறையீட்டுக்குப் போவாங்க. குப்புறப் போட்டா எதுவும் எழுத வேணாம். இது வழிவழியா வந்த நடைமுறைன்னு உங்க புத்தகத்தை ஆதாரமாக் காட்டி மூணு வருஷம் முன்ன சுற்றறிக்கையே வந்துருச்சு. குப்புறக் கிடக்கற ஃபைல் நிலுவைக் கணக்குல சேராது. இப்ப எங்க பிரிவுல நிலுவை பூஜ்யம் சார். ஆணையருக்கு விருது குடுத்தாங்களே, பேப்பர்ல பாக்கல?"

"இதை யார் குப்புறப் போட்டது?"

அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "அதைக் கேக்கறது மரபுக்கு விரோதம்னு நீங்களே எழுதியிருக்கீங்க சார். 'மறுக்கும் கைக்கு முகமில்லை.' மனப்பாடமா இருக்கு."

நல்ல வாக்கியம்தான். எழுதிய அன்று தமக்குத்தாமே இரண்டு தடவை வாசித்துக் காட்டிக்கொண்டது அவருக்கு நினைவு வந்தது. அடுக்கில் மொத்தம் எத்தனை கோப்பு என்று விசாரித்தார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வீடோ ஒரு சுவரோ ஒரு கக்கூஸோ மூச்சு முட்டக் கிடக்கிறது என்ற எண்ணம் வந்ததும் அவரால் அந்த அறையில் நிற்க முடியவில்லை; இறங்கித் தெருவுக்கு வந்தார்.

எதிர்ச்சாரியில் நகல் எடுக்கும் கடை. அதன் வாசலில் ஒரு மேசை போட்டு, ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் மனு நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய ஆள், 'மறுப்பு முக்கோண'த்தின் மூன்றாவது மேசையில் இருந்தவர். புத்தகத்தின் நன்றியுரையில் 'எனக்கு இந்த உலகின் கதவைத் திறந்துவிட்டவர்' என்று வருபவர் அவர்தான்.

"அடடே, வாங்க வாங்க! இளைச்சிட்டீங்களே."

இணைப் பேராசிரியர் நலம் விசாரிக்கவும் பொறுமையின்றி நேரே கேட்டார். "உண்மையச் சொல்லுங்க. அப்ப அந்த ஃபைலை எல்லாம் எதுக்குக் குப்புறப் போட்டீங்க?"

"அதுவா?" எழுத்தர் பேனாவை மூடினார். "மேல ஆணையர் ரூம் ஏசி ஒழுகும் சார். சரியா அந்த மூணு மேசைக்கு மேல சொட்டும். அட்டையில எழுதின பேரு, நம்பரு எல்லாம் கரைஞ்சு ஓடிரும். பேரு அழிஞ்ச ஃபைல் அநாதைப் பொணம் மாதிரி சார், யாரும் சொந்தம் கொண்டாட மாட்டான். அதான் கவுத்து வெச்சோம்."

"அந்த ஃபைலுக்கு மட்டும் மூணு மடங்கு நேரம் ஆச்சே?"

"தலையில சொட்டிக்கிட்டே இருந்தா எவன் சார் அங்க உக்காந்து வேலை பாப்பான்? நான் பாதி நாள் கேன்டீன்லதான் இருந்தேன்."

"கோடையில அதிகமாச்சே?" கேட்டு முடிக்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. வாய் மட்டும் பிரேக் பிடிக்காத வண்டிபோல ஓடியது.

"கோடையிலதானே சார் ஏசி போடுவாங்க?"

கடைக்குள்ளே நகல் இயந்திரம் பச்சை வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடியது. இணைப் பேராசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலு வருஷம் பக்கத்துலயே உக்காந்திருந்தேனே. ஏன்யா சொல்லல?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? 'இதன் உள்ளர்த்தம் என்ன'ன்னு கேட்டீங்க. நான் முழிச்சேன். நீங்களே நாலு உள்ளர்த்தம் சொன்னீங்க. நாலாவது நல்லா இருந்துச்சு, தலையாட்டினேன். படிச்ச மனுஷன் அவ்வளவு ஆசையா எழுதிக்கிட்டிருக்கார், போயும் போயும் ஏசி ஒழுகுதுன்னு சொல்லி மனசை நோகடிக்கலாமா?"

"என் மேல தண்ணி சொட்டலயே?"

"உங்களை விருந்தாளின்னு நல்ல மூலையில உக்கார வெச்சிருந்தோம் சார்."

இணைப் பேராசிரியர் சாலையைக் கடந்து மறுபடி பிரிவு அலுவலரிடம் போனார். குப்புறவியல் தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று, யாரோ மூன்றாம் மனிதரின் சமாசாரம்போல விசாரித்தார். அலுவலர் யோசித்துச் சொன்னார்: சுற்றறிக்கைக்கு ஆதாரம் புத்தகம். புத்தகத்தை எழுதியவரே 'இதற்கு அப்படி அர்த்தமில்லை' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஆதாரம் போய்விடும். சுற்றறிக்கை நிற்காது. அடுக்கில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் முடிவு எழுதியாக வேண்டும்.

"ஆனா நீங்க ஏன் சார் அப்படி எழுதப்போறீங்க?" என்று அவர் சிரித்தார்.

அதுதான் கேள்வி. வியாழக்கிழமை தேர்வுக் குழுவின் மேசைமேல் அந்தப் புத்தகம்தான் இருக்கும். 'வெள்ளிக்கிழமை கொடுக்கலாம்' என்று ஒரு மனம் சொன்னது. பேராசிரியரான மறுநாளே புத்தகம் பொய் என்று எழுதிக் கொடுக்கிற நெஞ்சழுத்தம் தமக்குக் கிடையாது என்று இன்னொரு மனம் சொன்னது. தம்மைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியில் சந்தேகத்துக்கு இடமில்லாத முடிவு அது ஒன்றுதான்.

ஆகவே படித்தவர்கள் செய்வதைச் செய்தார். கடிதம் எழுதினார், யாருக்கும் புரியாதபடி. புதன்கிழமை காலை அலுவலரிடம் நீட்டியது மூன்று பக்கம் இருந்தது. அலுவலர் வாசித்தார். திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார்.

"சார், 'குப்புறத்தன்மையின் பொருள் ஒற்றைப்படையானதன்று, அது பருண்மைச் சூழலோடும் உரையாடுகிறது'ன்னு இருக்கு."

"ஆமா."

"ஃபைலை நிமித்தணும்னு சொல்றீங்களா, வேணாங்கறீங்களா?"

"ரெண்டு வாசிப்புக்கும் அதுல இடமிருக்கு."

"எங்க ரேக்ல இடமில்ல சார்," என்று அலுவலர் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இதை நான் மேல அனுப்பினா இதையும் குப்புறப் போட்டுருவாங்க."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். வியாழன்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது யோசனை. கதவு திறந்திருந்தது. கூடத்தின் நடுவே கொடி கட்டி அதில் ஒரு போர்வை தொங்கியது. போர்வைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான் இடுப்பில் துண்டோடு இருந்தார். அக்கா ஒரு கையால் அவர் தோளைத் தாங்கி இன்னொரு கையால் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கீழே பழைய செய்தித்தாள்கள் ஊறிக் கிடந்தன. எதையும் விட்டுவைக்காமல் கேலி செய்யும் அத்தான், மைத்துனரைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இணைப் பேராசிரியரின் கை பழக்கதோஷத்தால் சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டுக்குப் போனது.

"எழுதின, கொன்னுருவேன்," என்றாள் அக்கா. "வாளியப் பிடி."

பிடித்தார். வெந்நீர் வாளி, கைப்பிடி உடைந்து கம்பி மட்டும் இருந்தது, உள்ளங்கையை அறுத்தது. மொண்டு மொண்டு ஊற்றினார். துவட்டி, சட்டை மாட்டி, இரண்டு பேருமாகக் கட்டிலுக்குத் தூக்கிப் படுக்கவைக்க அரைமணி ஆனது. கட்டிலில் சாய்ந்து மூச்சு வந்த பிறகுதான் அத்தானுக்கு வாய் வந்தது.

"கஷ்டமா இருக்குல்ல மாப்ள? வேலைன்னா இப்படித்தான் இருக்கும்."

வியாழன்வரை பொறுக்கச் சொல்ல வந்தவர் அதைச் சொல்லவில்லை. ஐந்து மணிக்குள் போயாகவேண்டும் என்று கிளம்பினார். முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு பிரிவு அலுவலரின் மேசைக்கு முன்னால் நின்று, ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி எழுதினார்:

'மேல்மாடி ஏசி ஒழுகியதால், அட்டை நனையாமலிருக்க, கோப்புகள் குப்புற வைக்கப்பட்டன. வேறு அர்த்தம் கிடையாது. நான் எழுதியது தவறு.'

அவர் வாழ்நாளில் எழுதியவற்றிலேயே சிறியது. அலுவலர் ஒருமுறைதான் வாசித்தார்.

"புரியுது சார்," என்றார் மெதுவாக. "அப்ப எனக்கு அந்தப் பதினாலு மார்க்?"

"அது உங்களோடதுதாம்மா. சரியாத்தானே எழுதினீங்க. நான்தான் தப்பு."

அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் இல்லாத வேகம் அன்று வந்தது. வியாழன் காலை நேர்காணல் அறைக்கு வெளியே அவர் காத்திருந்தபோது அலுவலர் போன் செய்தார். சுற்றறிக்கையை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆணையர் கோபத்தில் கையெழுத்துப் போட்டதில் பேனா முள்ளே உடைந்ததாம். அடுக்கைக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். அக்காவின் கோப்பு நாளைக்குக் கையெழுத்தாகிவிடும்.

"ஒண்ணே ஒண்ணு சார். ஆணையர் விருதைத் திருப்பிக் குடுக்கணுமேன்னு தவிக்கறார். உங்க கடிதத்துக்கு வேற அர்த்தம் இருக்குன்னு எங்கயாவது ஒரு வரி கிடைச்சாப் போதும், பழையபடி எல்லாத்தையும் ஏத்திருவாங்க. நகல் பல்கலைக்கழகத்துக்கும் போயிருக்கு. பாத்துப் பேசுங்க."

உள்ளே மூன்று பேர்: துணைவேந்தர், வெளியூரிலிருந்து வந்த நிபுணர், மூலையில் பதிவேட்டோடு பதிவாளர். மேசைமேல் புத்தகமும் அதன்மேல் அவருடைய மூன்று வரிக் கடிதத்தின் நகலும். துணைவேந்தர் கடிதத்தை, குழந்தை வாந்தியெடுத்த துணியைத் தூக்குவதுபோல இரு விரலால் தூக்கினார்.

"இது என்னங்க இது?"

இணைப் பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் நிபுணர் குறுக்கிட்டார். அவர் கண்கள் பளபளத்தன.

"இருங்க, இருங்க. இதுதான் இவரோட மாஸ்டர் ஸ்ட்ரோக். ஆணையர் அறை எங்க இருக்கு? மேல. ஒழுகறது எங்க? கீழ. அதிகாரத்தோட குளிர்ச்சியை மேல இருக்கறவன் அனுபவிக்கறான். அதோட கழிவு கீழ இருக்கறவன் தலையில சொட்டுது! அந்தச் சொட்டுலேர்ந்து ஏழையோட பேரைக் காப்பாத்த எழுத்தன் ஃபைலைக் கவுக்கறான். மறுப்பே ஒரு பாதுகாப்பு! என்ன ஒரு பாய்ச்சல்!"

துணைவேந்தரின் முகம் தெளிந்தது. "அப்ப இது தவறை ஒத்துக்கற கடிதம் இல்லையா?"

"தவறா? 'நான் எழுதியது தவறு'ன்னு எழுதற தைரியமே ஒரு கோட்பாடுங்க. இப்ப சொல்லுங்க, 'ஒழுகலியல்'னு ரெண்டாவது பாகம் எழுதறீங்கதானே? ஆமான்னு சொல்லுங்க, நான் இங்கயே கையெழுத்துப் போடறேன்."

இணைப் பேராசிரியருக்குள் வாக்கியங்கள் முண்டியடித்துக்கொண்டு எழுந்தன. 'அதிகாரம் ஆணையிடுவதில்லை, சொட்டுகிறது.' எவ்வளவு நன்றாக இருக்கிறது! அத்தியாயப் பிரிப்பே தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கையில் வாளிக் கம்பி அறுத்த இடம் எரிந்தது. பதிவாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, 'ஆம்' என்ற சொல்லுக்காகவே பதிவேட்டில் இடம் விட்டுவைத்திருந்தார்.

"இல்லைங்க," என்றார். "அது தண்ணி."

"தண்ணின்னா, நீங்க எந்தத் தளத்துல..."

"ரெண்டாம் தளத்துலங்க. குழாய் அடைச்சிருந்துச்சு. வெறும் தண்ணி."

நிபுணரின் முகம், விருந்துக்கு வந்து கதவு பூட்டியிருக்கக் கண்டவர் முகமாயிற்று. துணைவேந்தர் கடிகாரத்தைப் பார்த்தார். நன்றி, தகவல் தெரிவிக்கிறோம், அடுத்தவரை வரச் சொல்லுங்கள்.

வெளியே நடைக்கூடத்தில் அவர் பத்தடி போவதற்குள் பதிவாளர் பதிவேட்டை அணைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். நல்ல மனிதர், முந்தைய இரண்டு நேர்காணலிலும் அவருக்காக வருத்தப்பட்டவர்.

"ஐயா, இன்னும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடல. நிபுணர் உங்களுக்குக் குடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். 'இப்பொருள் மேலும் ஆய்வுக்குரியது'ன்னு ஒரு வரி, அதுக்குக் கீழ உங்க கையெழுத்து. அவ்வளவுதான் கேக்கறார். பேராசிரியர்னே கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிட்டுப் போறேன்."

பதிவேட்டை விரித்து, பேனாவை அவர் கையில் வைத்தார். கனமான, நல்ல பேனா. கையெழுத்துக்கான கோடு தயாராக இருந்தது. அதற்குக் கீழே, அவசரமாக எழுதிய சிறிய எழுத்தில், 'நகல்: மாநகராட்சி ஆணையர், தகவலுக்காக.'

இணைப் பேராசிரியர் கோட்டைப் பார்த்தார். பேனாவின் முனை தாளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. தானாக வந்ததுபோலத்தான் இருந்தது. அவர் சட்டென்று அதை மூடிப் பதிவாளரின் சட்டைப் பையில் செருகினார்.

"வேணாங்க," என்றார். சொல்லிவிட்டு நிற்கவில்லை. படிக்கட்டை நோக்கி விரைந்து, ஐம்பத்தேழு வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கத் தொடங்கினார்.

"ஐயா, லிஃப்ட் இருக்கே!" என்று மேலிருந்து பதிவாளர் கூப்பிடுவது கேட்டது.

லிஃப்ட் வரும்வரை அங்கே நின்றால் மனசு மாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.